கொத்தனார் போட்ட விரிசல்

கொத்தனார் இருபது வருஷத்துக்கு மேல் சுவர் கட்டியிருக்கிறார். அதில் ஒன்றைக்கூட யாரும் நின்று பார்த்ததில்லை. சுவரின் தலையெழுத்து அப்படி. நேராக நின்றால் சாய்ந்துகொள்வார்கள், நோட்டீஸ் ஒட்டுவார்கள், நாய் வந்து காலைத் தூக்கும். ஆனால் சொந்த அக்காவின் அறைச் சுவரில் ஒரு மத்தியான வேளையில் அவர் போட்ட விரிசலை மட்டும் நகரசபை ஆட்கள் முறைவைத்துப் படம் எடுத்தார்கள். படித்த பெண் ஒருத்தி, இன்ஜினியர், அதன் முன்னால் வாயடைத்து நின்றாள். செய்த தொழிலுக்கு அவருக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அந்த மரியாதையில்தான் வீடு போயிற்று.

யோசனை மூன்றாம் மாடி டிரைவருடையது. நகரசபைப் பஸ்ஸை ஓட்டி ஓட்டி அவருக்கு ஒரு பழக்கம்: தான் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் எல்லாரும் சாய்ந்தாக வேண்டும்.

அந்தக் குடியிருப்பு நகரசபைக்குச் சொந்தம். மொத்தம் நாலு பிளாக், எல்லாம் தாத்தா வயசு. பழைய கட்டடங்களைச் சோதித்து மூன்று வகையாகப் பிரிக்கப் போகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. சில்லறைப் பழுது என்றால் ஒரு வாளி சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். பெரிய பழுது என்றால் குழாய், தளம், படிக்கட்டு எல்லாம் புதிது. மூன்றாவது வகையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து பிளாக்கில் போன மழைக்குப் படிக்கட்டு இடிந்து விழுந்ததும் ஆள் அம்போடு வந்து மொட்டைமாடி வரைக்கும் புதுசாக்கிக் கொடுத்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். விழுந்தால் தூக்கிவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

"கொத்தனாரே, நம்ம பிளாக் ரொம்ப ஆரோக்கியமா இருக்குய்யா. அதான் பிரச்சினை" என்றார் டிரைவர்.

"ஆரோக்கியமா? மழை பெஞ்சா உங்க வீட்டு ஹால்ல குடை பிடிச்சிட்டு டிவி பாக்குறீங்க."

"அது மூணாவது மாடி. சோதனைக்கு வர்றவன் மாடி ஏறுவானா? ஏற மாட்டான். கீழ் வீட்டப் பாப்பான், எழுதுவான், போயிட்டே இருப்பான். கீழ் வீடு யாரு வீடு?"

"எங்க வீடு."

"உங்க வீட்டுச் சுவரு எப்படி இருக்கு?"

கொத்தனாருக்கு முகம் மலர்ந்தது. "நான் பூசினது. முகம் பாத்து தலை சீவலாம்."

"அதான் சொல்றேன். நீ ஒருத்தன் ஒழுங்கா பூசி வெச்சிருக்க பாரு, அதனால மேல இருக்கிற அத்தனை பேருக்கும் மழை."

தன் நல்ல வேலையால் நாலு குடும்பம் நனைகிறது என்று யாராவது சொன்னால், நல்ல மனுஷன் என்ன செய்வான்? உளியை எடுப்பான்.

அக்கா அப்போது துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்னறை முழுக்க அவளுடைய மேசைதான். பகலில் அதன்மேல் நாலு போர்வையை மடித்து விரித்து ஊர்ச் சட்டையெல்லாம் தேய்ப்பாள். ராத்திரி அதே போர்வையில் அவளே ஏறிப் படுத்துக்கொள்வாள். விடியும் வரை சூடு ஆறாமல் இருக்கும், முட்டி வலிக்கு இதம் என்பாள். பின்னறையில் கொத்தனாரும் அவர் மனைவியும். இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லை, ஒரு திரைதான்.

"நல்லா இருக்கிற சுவத்த எதுக்குடா உடைக்கிற?"

"உடைக்கலக்கா. உடம்பு சரியில்லாத மாதிரி நடிக்க வைக்கிறேன். எனக்கு வயித்து வலின்னு பள்ளிக்கூடத்துக்கு நீ லெட்டர் எழுதித் தரல?"

"தந்தேன். வாத்தியாரு வீடு வரைக்கும் வந்து விளக்கெண்ணெய் குடிக்க வெச்சுட்டுப் போனாரு. மறந்துட்டியா?"

கொத்தனார் சிரித்தார். அக்கா சொன்னதில் இருந்த எச்சரிக்கை சிரிப்போடு போய்விட்டது.

முதலில் நேர்க்கோடாக ஒன்று போட்டுப் பார்த்தார். மனசுக்குப் பிடிக்கவில்லை. வெறும் பூச்சு வெடித்தது மாதிரி இருந்தது. எந்தப் பள்ளிக்கூடப் பையனும் கண்டுபிடித்துவிடுவான். அதைப் பூசி அடைத்துவிட்டு, ஜன்னல் மூலையில் ஆரம்பித்து, செங்கல் வரிசையை ஒட்டிப் படிப்படியாக இறங்கி, தரை வரைக்கும் கோணலாக ஒன்றை இழுத்தார். மேலே விரல் நுழையும், கீழே போகப் போக முடியளவு. உடைந்த ரம்பத் தகட்டால் ஓரங்களைப் பிசிறு தட்டினார். அக்காவின் இஸ்திரிப் பெட்டியிலிருந்து சாம்பலை எடுத்து உள்ளே ஊதினார். ஆறிப்போன டீயைத் தெளித்து ஒரு கறை. மறுநாள் காய்ந்ததும் பார்த்தால், அது அந்தச் சுவரோடு கூடப் பிறந்தது மாதிரி இருந்தது.

"ஒரு பய இத டூப்ளிகேட்னு சொல்ல முடியாது" என்றார்.

"பெருமைய பாரு" என்றாள் அவர் மனைவி. பேக்கிங் கம்பெனியில் நாள் பூராவும் அட்டைப்பெட்டி ஒட்டிவிட்டு வந்து நின்றவள், விரிசலையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் கரண்டி, சொந்த வீட்டுக்கு மட்டும் உளி."

இன்ஜினியர் பெண் வந்தாள். டிரைவர் சொன்னபடியே மாடி ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியமே வரவில்லை. விரிசலைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவை மூடிவிட்டாள்.

"இது எப்பலருந்து இருக்கு?"

"எங்கம்மா காலத்துலருந்து மேடம்" என்றார் கொத்தனார். பின்னால் நின்ற டிரைவர் பாராட்டுவதுபோல் முதுகில் ஒரு குத்து விட்டார்.

"வளருதா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஒரு கொத்தனாருக்குத் தெரியும். வளராத விரிசல் சுவரோடு போகும். வளருகிற விரிசல் அஸ்திவாரம் இறங்குவதைக் காட்டும். தெரிந்தும் நாக்கு நிற்கவில்லை. நாடகத்தில் முதன்முறையாக வேஷம் கிடைத்தவன் வசனத்தை நீட்டுவது மாதிரி நீட்டினார்.

"மழைக்கு மழை வளருது மேடம். பெத்த புள்ள மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. அக்காவின் மேசையைத் தானே பிடித்து இழுத்து எதிர்ப்பக்கம் தள்ளினாள். "அம்மா, இனிமே இந்தச் சுவர் பக்கம் படுக்காதீங்க" என்றாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் எங்கே படுக்கிறாள் என்று கவலைப்பட்டு ஒருத்தி வந்தது அன்றைக்குத்தான்.

பத்துப் பதினைந்து நாளில் வெளிச்சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய பழுது இல்லை. மூன்றாவது வகை. குடியிருக்கத் தகுதியற்றது, இடிக்கப் பரிந்துரை.

பிளாக்கே வாசலில் கூடி நின்று படித்தது. மாடியிலிருந்த ஒரு கிழவர், "கொத்தனாரே, நீ கட்டின வீடெல்லாம் எங்கய்யா இருக்கு? சொல்லு, அந்தப் பக்கம் நடக்காம இருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கொத்தனாரும் சிரித்தார். தன்னைப் பற்றிய ஜோக்குக்கு முதலில் சிரிப்பது அவர் வழக்கம். அன்றைக்கு எல்லாருக்கும் கடைசியில் சிரித்தார்.

அக்கா நோட்டீஸைப் படித்துவிட்டு உள்ளே போய் கரித்துண்டுகளை விசிறினாள்.

"அக்கா, எம்மேல வருத்தமா?"

"பெட்டி சூடாயிடுச்சு. தள்ளு."

மறுநாள் வேலைக்குப் போகாமல் நகரசபை அலுவலகத்துக்குப் போனார். பையில் உளி, ரம்பத் தகடு, ஒரு பொட்டலம் சாம்பல். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறவன் ஆயுதத்தோடு போவதுதானே முறை.

"மேடம், அது நான் போட்டது" என்றார் இன்ஜினியர் பெண்ணிடம்.

அவள் பெருமூச்சு விட்டாள். "சார், இந்த மாசம் இப்படி வந்து சொல்ற எத்தனாவது ஆள் நீங்கன்னு தெரியுமா? முதல்ல, மேடம் பாருங்க விரிசல்னு காட்டுவீங்க. இடிக்கணும்னு வந்ததும், நாங்கதான் போட்டோம்னு வருவீங்க."

"நான் கொத்தனார் மேடம். எனக்குத் தெரியும்."

"போன வாரம் வந்தவரு, நான் தச்சன், உத்தரத்த நான்தான் அறுத்தேன்னாரு."

"வேணும்னா இதோ உங்க சுவத்துலயே அதே மாதிரி ஒண்ணு போட்டுக் காட்டவா? அர மணி நேரம் குடுங்க." பையில் கையை விட்டார். உளியைப் பார்த்ததும் வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்தான்.

அவள் காவலாளியைப் போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும் இனி என் கையில இல்ல சார். தேர்தல் அறிவிச்சாச்சு. புது நகரசபை உக்காந்து ஓட்டெடுப்பு வெச்சு மாத்தினாதான் உண்டு."

"சரி, இடிக்கிறாங்கன்னே வெச்சுக்குவோம். இதே இடத்துல எங்களுக்குத் திருப்பி வீடு தருவாங்களா?"

"அது திட்டப் பிரிவக் கேளுங்க."

திட்டப் பிரிவில், வீட்டுவசதிப் பிரிவைக் கேட்கச் சொன்னார்கள். வீட்டுவசதிப் பிரிவில் ஒருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "அது கொள்கை முடிவு" என்றார்.

"கொள்கை எந்த ரூம்ல இருக்குங்க?" என்று கேட்டார் கொத்தனார். கிண்டலுக்குக் கேட்கவில்லை. அப்படியொரு ரூம் இருந்தால் போய் நிற்கலாம் என்றுதான் கேட்டார். பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது.

இதே இடம், இதே இடம் என்று அவர் அடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. போன தடவை இடித்த ஒரு குடியிருப்பின் ஜனங்களுக்கு, பஸ் திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் உயர உயரமாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நல்ல வீடுதான், குறை சொல்லக் கூடாது. தெருமுனையில் டீக்கடை வைத்திருந்தவர் அங்கே போனார். ஒன்பதாம் மாடி. கீழே கடை போட அனுமதி இல்லை. கொத்தனார் ஒருமுறை போய்ப் பார்த்தபோது மனுஷன் லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "என்னண்ணே இங்க?" என்று கேட்டதற்கு, "இங்கதான் கதவு திறந்து மூடுது. ஆளு வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

அக்காவுக்கு இந்தத் தெருதான் தொழில். எதிர் அடுக்குமாடியின் ஆபீஸ் சட்டைகள், மூலை ஆஸ்பத்திரி நர்சுகளின் கோட்டுகள், முடிவெட்டும் கடையின் துண்டுகள். யார் சட்டைக்கு எந்தப் பட்டன் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். முட்டி தேய்ந்த பிறகு அவள் நடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைதான். நகரசபையில் தெரு கூட்டிய அம்மாவுக்குக் கொடுத்த வீடு இது. அம்மா போனபோது கொத்தனாருக்கு மீசைகூட முளைக்கவில்லை. அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "இவன் ஒரு வேலையில உக்காரட்டும்" என்றாள். இவர் சாரத்தில் ஏறி உட்கார்ந்தபோது பெண் கேட்டு வருவது நின்றுபோயிருந்தது. கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் அவளை நட்டுவைத்தால் யாருடைய சட்டையைத் தேய்ப்பாள்?

தேர்தல் சூடு பிடித்தது. அந்த வட்டாரத்தில் பேச்சு முழுக்க இந்த பிளாக்தான். இருந்த கவுன்சிலருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது, சுவரொட்டியில் மட்டும். ஜனங்கள் வைத்த பெயர் 'பாத்துக்கலாம்'. தண்ணீர் வரவில்லை என்றாலும் பாத்துக்கலாம், சாக்கடை நிறைந்தாலும் பாத்துக்கலாம். அவரை எதிர்த்து நின்றவர் மருந்துக்கடை வைத்திருந்த அம்மா. டாக்டர்கள் கிறுக்குகிற எழுத்தையே படிக்கிறவர், நகரசபை எழுதுவதையும் படித்துவிடுவார் என்று கொத்தனாருக்கு நம்பிக்கை.

பாத்துக்கலாம் ஓட்டுக் கேட்க வந்தபோது கூடவே ஒரு பெரிய படம் வந்தது. வெள்ளை வெளேரென்று கோபுரம் மாதிரி கட்டடம், பால்கனி தோறும் பூந்தொட்டி, கீழே ஒரு குடும்பம் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது.

"அம்மா, லிஃப்டு! நீங்க படியே ஏற வேண்டாம்" என்றார் அக்காவிடம்.

"இப்பவும் ஏறலியே தம்பி. நான் கீழ்வீடுதான்" என்றாள் அக்கா.

கொத்தனார் முன்னால் வந்தார். "இது எங்கண்ணே கட்டப் போறீங்க? இங்கயா, வேற எங்கயாவதா?"

"நல்ல எடமாப் பாத்துக்கலாம்."

"நல்ல எடம்னா இதே எடமா?"

"எடம் முக்கியமா, வீடு முக்கியமா?"

"அந்த ஊர்ல தேச்ச சட்டை போடுறவங்க இருக்காங்களா தம்பி?" என்று கேட்டாள் அக்கா. ஆசையாகவே கேட்டாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பாத்துக்கலாம் தன் வெள்ளைச் சட்டையைத் தட்டிக் காட்டினார். "என் சட்டை இருக்கேம்மா. எங்க போனாலும் உங்ககிட்டதான்." அதென்னவோ நிஜம். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் அக்காவின் மேசையில்தான் விறைக்கும்.

மருந்துக்கடை அம்மா மறுநாள் வந்தார். படம் எதுவும் இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார், கொடுத்த டீயைக் குடித்தார்.

"இடிக்கக் கூடாது, பழுது பாக்கணும். இதுதான் என் பேச்சு" என்றார்.

"அப்ப நீங்க ஜெயிச்சா நாங்க இங்கயே இருப்போம்?"

"அதுக்காகப் போராடுவோம்."

"போராடினா இருப்போமா?"

"நம்பிக்கையா இருங்க கொத்தனாரே."

கொத்தனார் தலையாட்டினார். மாத்திரைச் சீட்டில் 'உணவுக்குப் பின்' என்று எழுதியிருப்பது மாதிரி இருந்தது பதில். உணவு எங்கே என்றுதான் தெரியவில்லை. ஆனாலும் 'பாத்துக்கலாம்' என்பதற்கு 'போராடுவோம்' தேவலை என்று மருந்துக்கடை அம்மாவுக்காக வீடு வீடாகப் போனார். சாரக் கம்புகளைக் கொண்டுபோய்ப் பந்தல் போட்டுக் கொடுத்தார். கேலி செய்தவர்களிடம், "விரிசல் போட்டவனே வந்து ஓட்டுக் கேக்குறேன், இதவிட யோக்கியமான கட்சி உண்டா?" என்றார்.

மூன்றாம் மாடிக்கு ஏறினபோது டிரைவர் கதவை முழுசாகத் திறக்கவில்லை.

"உங்க வீட்டு ஓட்டு நமக்குத்தானே?"

டிரைவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். "உக்காருய்யா. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நான் மத்தவருக்குத்தான் போடப் போறேன்."

"யோசனையே உங்களோடதாச்சே!"

"பழுது பாக்க வெக்கத்தான் யோசனை சொன்னேன். இப்ப புது வீடே வருதுன்றான். ரெண்டு ரூம். எம்பொண்ணு வளந்துட்டா. துணி மாத்தணும்னா அப்பா, தம்பி எல்லாரையும் வெளிய அனுப்புறா. மழை பெஞ்சாலும் மாடிப்படியில நிக்கிறோம். உங்க அக்காவுக்குத் தெரு வேணும், எனக்கு ஒரு கதவு வேணும். நான் கேக்குறது தப்பா?"

தப்பு என்று சொல்லத்தான் கொத்தனார் வாயைத் திறந்தார். உள்ளே அந்தப் பெண் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எழுந்துகொண்டார். கீழே இறங்குகையில், ஒருத்தரைப் பிடிக்காமல் போவதற்குக்கூட இந்தத் தேர்தலில் வழியில்லையே என்று நினைத்தார்.

ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. அக்காவின் மேசையில் ஒரு பக்கம் பாத்துக்கலாமின் வெள்ளைச் சட்டை, மறுபக்கம் மருந்துக்கடை அம்மாவின் நீலப் புடவை. மாறி மாறித் தேய்த்தாள்.

"அந்தச் சட்டையில ஒரு ஓட்டை விழுந்தாத்தான் என்ன?" என்றாள் கொத்தனாரின் மனைவி. "காலருக்கிட்ட, சின்னதா. அண்ணி, கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"சும்மா இரு. துணி என்ன பண்ணுச்சு?" என்றாள் அக்கா. சட்டையின் கைகளை மடித்து, குளிர்கிற பிள்ளைக்குக் கட்டிவிடுவது மாதிரி மார்பின் மேல் வைத்தாள். பிறகு அவித்த முட்டையை உரித்து, ரொட்டியோடு தம்பியிடம் நீட்டினாள். "சாப்பிடு. நாள் பூரா கத்தியிருக்க."

மருந்துக்கடை அம்மா தோற்றார். ரொம்ப வித்தியாசம் இல்லை; அதுதான் கொத்தனாரைத் தூங்கவிடாமல் செய்தது. பெரிசாகத் தோற்றிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஊர்வலம் அந்தத் தெரு வழியாகத்தான் போனது. மாலைக்கு நடுவிலிருந்து பாத்துக்கலாம் கையசைத்தார். கொத்தனார் வாசலில் நின்று, "அண்ணே, எங்க எடம்?" என்று கத்தினார். வாத்தியச் சத்தத்தில் அது காதில் விழுந்ததோ என்னவோ, உதடு அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ளக் காது தேவைப்படவில்லை.

ரெண்டு நாள் கழித்து, அக்காவின் முட்டிக்குத் தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனார். மத்தியானம். வெளியே மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. கடையில் கூட்டமில்லை. அம்மா பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காலாவதியான மருந்துகளைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருந்த அவருடைய சுவரொட்டியை யாரோ பாதி கிழித்திருந்தார்கள்.

"வருத்தப்படாதீங்க மேடம்" என்றார் கொத்தனார்.

"வருத்தம் இல்லாம இருக்குமா? உக்காருங்க." தைலத்தை எடுத்து வைத்தார். "பந்தல் போட்டீங்களே, அது மட்டும் நல்லா நின்னுச்சு."

"ஒண்ணு கேக்கலாமா? இனிமே கேட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஆனா யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க. எங்களுக்கு இங்க திருப்பி வீடு கிடைக்குமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கிட்ட இப்ப ஓட்டு இல்ல, விக்கிறதுக்கு மருந்துதான் இருக்கு. அதனால சொல்றேன். கிடைக்காது. நகரத் திட்டத்துல அந்த எடம் கடைங்களுக்கும் வண்டி நிறுத்தவும்னு எப்பவோ குறிச்சுட்டாங்க. நான் ஜெயிச்சிருந்தா தள்ளிப் போட்டிருப்பேன். நிறுத்தியிருக்க முடியாது."

"அப்ப நான் அந்த விரிசலப் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான்?" என்று கேட்டார் கொத்தனார். கேட்கும்போதே குரலில் ஒரு ஆசை எட்டிப் பார்த்தது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது.

அம்மா தைலப் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றினார். சுற்றி முடித்தும் கையிலேயே வைத்திருந்தார். "உங்க பிளாக் சும்மா இருந்திருந்தா சில்லறைப் பழுதுன்னு போயிருக்கும். அந்த மாதிரி கட்டடத்த அவங்க கடைசியிலதான் தொடுவாங்க. ஏழெட்டு வருஷம் ஓடியிருக்கும்."

"ஏழெட்டு வருஷம்."

"ஆமா."

கொத்தனார் பாட்டிலை வாங்கிக்கொண்டார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஜோக் தானாக வரும். அன்றைக்கு வாசல் வரைக்கும் காத்துப் பார்த்தார். வரவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நடந்தார். ஏழெட்டு வருஷம். அக்காவின் வயசோடு அதைக் கூட்டிப் பார்த்தார். அவள் முட்டியை நினைத்தார், படியேறாமலே வாங்கும் மூச்சை நினைத்தார். அவளுக்கு அது போதும். அதற்கு மேல் அவள் கேட்டிருக்கப் போவதில்லை. தங்கள் அம்மாவுக்குக் கிடைத்த வீட்டில் அம்மா மாதிரியே அவள் காலமும் முடிந்திருக்கும். அதைத்தான் ரம்பத் தகட்டால் பிசிறு தட்டியிருக்கிறார், டீ ஊற்றிக் கறை பண்ணியிருக்கிறார்.

வீட்டில், பாத்துக்கலாம் பதவியேற்புக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையை அக்கா தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மழை தெறித்தது. ஈரத்தில் கரி சரியாகப் பிடிக்காமல் புகைந்தது.

"நனைஞ்சுட்டு வர்றான் பாரு. துண்ட எடுத்துத் துவட்டு. சோறு மூடி வெச்சிருக்கேன்."

அவர் துவட்டவில்லை. மேசைக்கு எதிரில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். திட்டம், கடைகள், கிடைக்காது என்பது. ஏழெட்டு வருஷம் என்பதையும் விடவில்லை. அக்கா காலரைத் திருப்பிப் போட்டாள், கைப்பட்டையை நீவினாள், ஒவ்வொரு பட்டனையும் சுற்றிப் பெட்டியின் நுனியை ஓட்டினாள். எல்லாம் கேட்டுக்கொண்டாள் என்பது அவள் தண்ணீர் தெளிக்க மறந்ததில் தெரிந்தது.

"ரொட்டி வேணுமா, சோறு போதுமா?" என்றாள்.

"அக்கா."

"ஆறிடும்டா."

"அக்கா, பெட்டிய வெச்சிட்டு என்னப் பாரு. நகரசபையில கேட்டேன், கட்சிக்காரங்கள கேட்டேன், ஊரெல்லாம் கேட்டேன். உன்னக் கேக்க முடியாமத்தான் அவங்களயெல்லாம் கேட்டேன்னு நெனைக்கிறேன். சொல்லிடு. எம்மேல கோவமா?"

திரைக்கு அந்தப் பக்கம், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை மனைவி ஒட்டுகிற சத்தம் நின்றது. அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். முந்தானையால் முகத்துப் புகையைத் துடைத்தாள். தம்பியை நேராகப் பார்த்தாள்.

"ஆமாடா. கோவந்தான். நான் சாகுற வரைக்கும் இந்தத் தெருவுலதான்னு நெனச்சிட்டிருந்தேன்."